வெளிநாட்டு அமைச்சுக்குப் போற தம்பிக்கு

வெளிநாட்டு அமைச்சுல சேரப் பரீட்சை எழுதுறியாம்ல தம்பி? நல்லது. லயத்துல பொறந்த பிள்ளை கோட்டு மாட்டிக்கிட்டு மாநாட்டுக்குப் போனா எங்களுக்கும் பெருமைதான். அயல் நாடெல்லாம் சேர்ந்து ஒரே வெளிநாட்டுக் கொள்கை, ஒரே பாதுகாப்புக் கொள்கை எப்படிப் போடுறதுன்னு கேள்வி வருமாமே. புத்தகத்துல தேடி ஏன் கண்ணைக் கெடுத்துக்கிறே? நான் சொல்றேன், எழுதிக்க. கூலி ஒரு கூறு வெத்தலை.

முதல்ல, சண்டைக்காரன் ரெண்டு பேரையும் கூட்டத்துக்குக் கூப்பிடு. சண்டையைப் பத்தி மட்டும் பேசவிடாத. இது என் புத்தி இல்ல, சார்க் சாசனத்துப் புத்தி. 1985 டிசம்பர் 8ல ஏழு தெற்காசிய நாட்டுத் தலைவருங்க டாக்காவுல கையெழுத்து வச்ச காகிதம் அது. பத்தாம் பிரிவைப் பாரு. எல்லா முடிவும் ஏகமனதா இருக்கணும். ரெண்டு நாட்டுக்குள்ள இருக்கிற விவகாரமும் தகராறான விவகாரமும் பேசக்கூடாது. பீலித் தண்ணிச் சண்டையைத் தீர்க்கப் பத்துக் காம்பராக்காரனையும் கூட்டிவச்சு, பீலியைத் தவிர மத்ததைப் பேசுங்கன்னு சொன்ன மாதிரி. திருவிழாவுக்கு யாரு தோரணம் கட்டுறதுன்னு நல்லாவே முடிவாகும்.

பயங்கரவாதத்தை ஒழிக்க 1987ல காத்மாண்டுவுல ஒப்பந்தமும் போட்டாங்க, குறை சொல்லக்கூடாது. கடைசி உச்சிமாநாடு 2014ல, அதே காத்மாண்டுவுல. 2016ல இஸ்லாமாபாத்துல வைக்க இருந்தாங்க. ஊரியில இந்திய இராணுவ முகாமைத் தாக்கினதுக்குப் பிறகு இந்தியா வரலேன்னுச்சு, மத்தவங்களும் பின்வாங்குனாங்க. அப்புறம் உச்சிமாநாடே கூடல. ஐரோப்பாக்காரனைப் பார்த்துப் பொறாமைப்படாத. அவனும் 1992ல மாஸ்ட்ரிக்ட்ல பொதுக் கொள்கைன்னு எழுதிவச்சான். இப்ப 27 நாடு. ஒருத்தன் முரண்டு பிடிச்சா பெரிய முடிவெல்லாம் நின்னுபோகும்.

அடுத்து, நெருப்புப் பிடிச்சா எல்லா வீட்டுலயும் வாளி கேளு. 1971 ஏப்ரல்ல ஜேவிபி பொடியன்மார் அரசாங்கத்துக்கு எதிரா கிளம்பினப்ப நம்ம கேகாலைப் பக்கந்தான் ரொம்பக் கொதிச்சது. பிரதமர் சிறிமா அம்மா யாரைக் கேட்கல? இந்தியா ஹெலிகொப்டர் அனுப்புச்சு, பாகிஸ்தானும் அனுப்புச்சு. ரஷ்யாக்காரன் மிக் விமானம் குடுத்தான், வெள்ளைக்காரன் ஆயுதம் குடுத்தான். அந்த வருசக் கடைசியிலயே வெட்டிக்கப் போற இந்தியாவும் பாகிஸ்தானும் நம்ம அரசாங்கத்துக்காக ஒரே பக்கம் நின்னாங்க பாரு! அதே வருசம் இந்தியா தன் வானத்துல பாகிஸ்தான் விமானத்துக்குத் தடை போட்டிருந்துச்சு. அது கிழக்குப் பாகிஸ்தானுக்குப் போக நம்ம கட்டுநாயக்காவுல இறங்கி எண்ணெய் அடிச்சுக்கிட்டுப் போச்சு. ரெண்டு வீட்டுலயும் சாப்பிட்டு, ரெண்டு வீட்டுக்கும் பிள்ளையா இருந்த கதை.

அந்த அம்மா 1916ல நம்ம சப்ரகமுவ மண்ணுல பொறந்த வளவு வீட்டுப் பிள்ளை. லேசுப்பட்ட ஆள் இல்ல. இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமா ஆக்கணும்னு ஐக்கிய நாடுகள் சபையில கேட்டு, 1971 டிசம்பர் 16ல தீர்மானமும் நிறைவேறுச்சு. ஆதரவு 61, எதிர்ப்பு ஒண்ணுகூட இல்ல. ஆனா கடல்ல கப்பல் விட்டிருந்த பெரிய நாடெல்லாம் வாக்குப் போடாம ஒதுங்கிக்கிச்சு. அதே நாள்தான் டாக்காவுல பாகிஸ்தான் படை சரணடைஞ்சது. சமாதானம் பேச நல்ல நாளாத்தான் பார்த்தாங்க.

ரெண்டு அயல் நாடு ஒரே மனசா நின்னதே இல்லையான்னு கேட்பே. நின்னுச்சு தம்பி, எங்க விசயத்துல. 1964 அக்டோபர் 30ல அதே அம்மாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம். தோட்டத்துச் சனம் 9,75,000 பேர். 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டுட்டாங்க. பத்து வருசம் கழிச்சு, 1974ல, இந்திரா அம்மாவோட உட்கார்ந்து ஆளுக்கு 75,000ன்னு சரிபாதி. கச்சதீவுங்கிற சின்னத் தீவுக்குக்கூட ஊரே கேள்வி கேட்குது. இங்க இரத்தினபுரியில பால் வெட்டிக்கிட்டு இருந்தவனை நீ எந்தப் பக்கம்னு அந்த மேசையில உட்கார வச்சுக் கேட்ட ஆள் கிடையாது. அயல் உறவு நல்லா இருந்தா நமக்கு நல்லதுன்னு எவனாச்சும் சொன்னா, தலையாட்டிட்டு, அந்த உறவுல என்ன பங்கு வச்சாங்கன்னு ஒருவாட்டி கேட்டுக்க.

இப்ப நம்ம கொழும்புலயே ஒண்ணு நடக்குது: கொழும்புப் பாதுகாப்பு மாநாடு. 2011ல இந்தியா, இலங்கை, மாலைத்தீவுன்னு மூணு பேர் தொடங்குனது. நடுவுல சில வருசம் தூங்கி 2020ல முழிச்சது. 2022ல மொறீசியஸ், 2024ல பங்களாதேஷ், 2025 நவம்பர் 20ல டில்லியில சீஷெல்ஸ் சேர்ந்துச்சு. 2024 ஆகஸ்ட் 30ல கொழும்புலயே சாசனத்துலயும் செயலக ஒப்பந்தத்துலயும் கையெழுத்து. பேசுறது என்ன? கடல் பாதுகாப்பு, பயங்கரவாதம், கடத்தல், கணினிக் களவு, அனர்த்த உதவி. எல்லாம் சொந்த முகம் இல்லாத எதிரி, அதான் சுலபமா ஒத்துப்போறாங்க. பேர் சொல்லாத ஒருத்தரும் உண்டு. 2022 ஆகஸ்ட்ல அம்பாந்தோட்டைக்கு வந்த சீனக் கப்பலைக் கேளு, அது சொல்லும். நம்மாளு முதல்ல பிந்தி வான்னான், அப்புறம் வான்னான், 2024ல ஒரு வருசத்துக்கு எந்த நாட்டு ஆய்வுக் கப்பலும் வேணாம்னான். சின்ன நாட்டுக் கொள்கைன்னா அதான். நான் சிரிக்கல.

டில்லியில சீஷெல்ஸ் சேர்ந்து எட்டாம் நாள் டித்வா புயல் நம்ம நாட்டுல கரையேறுச்சு. கொழும்புத் துறைமுகத்துல நின்ன இந்தியக் கப்பலும் நிவாரணம் குடுத்துச்சு, பாகிஸ்தான் கப்பலும் குடுத்துச்சு. ஆனா பாகிஸ்தான் நிவாரண விமானம் இந்திய வானத்தைக் கடக்க அனுமதி தாமதிச்சதுன்னு அவங்க சொல்ல, உடனே குடுத்தோம்னு இவங்க சொல்ல, 54 வருசத்துக்குப் பிறகும் அதே வானத்துச் சண்டை.

கொழும்பு மாநாடு பேசுற அந்த அஞ்சுல கடைசி ஒண்ணு, அனர்த்த உதவிதான், நமக்கு உதவுற கொள்கை. 2016 மே 17ல அரநாயக்கவுல சாமசர மலை இறங்கினது நம்ம மாகாணந்தான். நீ அந்த மேசைக்குப் போனா கப்பலைப் பத்தி எல்லாரும் பேசி முடிக்கட்டும். கடைசியா ஒரு வரி எழுதச் சொல்லு: மலை இறங்கப் போகுதுன்னு தெரிஞ்சா, அந்தச் சேதி லயத்துக்குத் தமிழ்ல, இருட்டுறதுக்கு முன்னாடி வந்து சேரணும்.