உபகாரத்தால் உடையும் சட்டிகள்: ஒரு பூர்வாங்க ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

மண்சட்டிக்கு எமன் நெருப்பு என்பது இதுவரை நிலவிவரும் கருத்து. இக்கட்டுரை அதை மறுக்கிறது. சூளையில் பல நூறு டிகிரி வெப்பத்தில் வெந்து தேறிய பொருள், வீட்டு அடுப்புக்கா அஞ்சும்? அதன் அகால முடிவுக்குக் காரணம், ‘நான் ஒத்தாசை செய்யட்டுமா?’ என்று சமையலறைக்குள் வருகிறவரே என நிறுவுவது இதன் நோக்கம்.

முன்னோடிச் சான்றுகள்

கீழடி அகழாய்வில் கிடைத்த பானை ஓடுகள் சிலவற்றில் ஆதன், குவிரன் போன்ற ஆட்பெயர்கள் தமிழ் பிராமி எழுத்தில் கீறப்பட்டுள்ளன. அவை உரியவர்களின் பெயர்கள் என்பது அறிஞர் கருத்து. உடைத்தவர்களின் பெயர்களாகவும் இருக்கலாம் என்பது இக்கட்டுரையாளரின் பணிவான துணிபு.

பழக்கும் மரபுகள்

புதுச் சட்டியை வாங்கி வந்த கையோடு அடுப்பில் ஏற்றக் கூடாது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. மற்ற எல்லாவற்றிலும் உண்டு. கஞ்சி மரபினர், சட்டியைத் தண்ணீரில் ஊறப்போட்டு, பிறகு அரிசி களைந்த கழுநீரையோ வடிகஞ்சியையோ நாள்தோறும் மாற்றி ஊற்றிச் சிறுதீயில் கொதிக்கவிடுவர். எண்ணெய் மரபினர் உள்ளும் புறமும் நல்லெண்ணெய் தடவி வெயிலில் வைப்பர். முன்னதில் மாவுச்சத்து மண்ணின் நுண்துளைகளில் புகுந்து, வெந்து, இறுகிக்கொள்கிறது; பின்னதில் எண்ணெய் ஊறி அதே வேலையைச் செய்கிறது. ஆகவே இரண்டும் ஒன்றே. இதைச் சம்பந்திகள் இருவரும் கூடிய சபையில் எடுத்துரைக்கும் துணிவு எந்த ஆய்வாளருக்கும் இதுவரை வாய்க்கவில்லை.

உபகாரிகளின் வகைப்பாடு

அ) நுரைவாதி: சட்டிக்கும் சோப்புப் போடுபவர். துளைகள் அதையும் குடித்துவைத்து, மறுநாள் வற்றல் குழம்பில் எலுமிச்சை மணத்தோடு திருப்பித் தருகின்றன. வெந்நீரும் தேங்காய் நாரும் போதும், பிசுக்கு மிகுந்தால் கடலை மாவோ சாம்பலோ போதும் என்றால், ‘கிருமி?’ என்று கேட்பார்.

ஆ) வேகவாதி: கொதிக்கும் சட்டியை இறக்கி ஈரமான கிரானைட் மேடையில் வைப்பவர். சூட்டில் விரிந்த மண் அடியில் மட்டும் சடாரெனச் சுருங்க, அந்த இழுபறியில் விரிசல் விழுகிறது. இதற்காகவே முன்னோர் வைக்கோலில் பிரிமனை முறுக்கி வைத்தார்கள். அதை இவர் குப்பை என்று ஏற்கெனவே வெளியே போட்டிருப்பார்.

இ) ஒழுங்குவாதி: ஈரம் உலருமுன் மூடிபோட்டு அலமாரிக்குள் அடுக்கி, பூஞ்சைக்குக் குடியிருப்பு அமைத்துக் கொடுப்பவர்.

ஈ) சமத்துவவாதி: மீன் குழம்புச் சட்டியில் பால் காய்ச்சுபவர். கொள்கை உயர்ந்தது. காபியைப் பற்றி ஆய்வு மௌனம் சாதிக்கிறது.

கண்டறியும் முறை

சட்டியை விரலால் சுண்ட வேண்டும். நல்லது கணீரென்னும், விரிசல் விழுந்தது மந்தமாக முனகும். கடத்துக்குப் பேர்போன மானாமதுரையின் மண்பாண்டங்களுக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் கடத்தை வித்வான்கள் மேடையில் தட்டிச் சம்பாவனை பெறுகிறார்கள். சந்தையில் நாம் சட்டியைத் தட்டிவிட்டு விலையைக் குறைக்கச் சொல்கிறோம். தட்டும் முறையில் பெரிய வேறுபாடு இல்லை.

முடிவும் பரிந்துரையும்

ஒரு சட்டிக்கு ஒரு கை என்பதே நீண்ட ஆயுளுக்கு வழி. அந்தக் கைக்குரியவர் ஊருக்குப் போனால் வீட்டார் ஓட்டலில் சாப்பிடுவது உத்தமம். ஒத்தாசைக்கு வருவோரிடம் எவர்சில்வர் பாத்திரங்களை ஒப்படைக்கலாம். எப்படிப் போட்டாலும் சத்தம்தான் வரும்.

ஆனால் உபகாரிகளை அடியோடு ஒழிக்க இக்கட்டுரை பரிந்துரைக்கவில்லை. நன்கு பழகிய சட்டி எளிதில் உடையாது. சட்டி உடையாவிட்டால் குயவருக்கு அடுத்த விற்பனை கிடையாது. எனவே வீட்டுக்கு ஓர் உபகாரி இருப்பது குயவர் குடிக்குச் செய்யும் கைம்மாறு என்று கொள்க.