அடுத்த பேரழிவு எப்போது? நீங்களே கணக்கிடலாம்

எந்த இனம் எப்போது அழிந்தது என்பதற்குப் புதைபடிவம்தான் சாட்சி. அதற்காக முதலில், நாமக்கல் பக்கத்துப் புதுச்சத்திரத்தில் போர் போடும் இடத்தில் நின்று, பறக்கும் தூளைச் சலித்துக் கடல் நுண்ணுயிர்ப் புதைபடிவம் தேடாதீர்கள். திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஆயிரம் அடி இறக்கினாலும் வருவது 200 கோடி ஆண்டுக்கும் மூத்த பாறைப்பொடிதான். ஃபோராமினிஃபெரா என்ற அந்த ஓடுடைய நுண்ணுயிர்கள் அப்போது பிறக்கவே இல்லை. "ஏனுங்க, தங்கமுங்களா?" என்று ஓட்டுநர் கேட்பார், அவருக்குப் பதில் சொல்லி மாளாது.

நாமக்கல், துறையூர் வழியாகப் பெரம்பலூர் பக்கத்துக் காரைக்குப் போங்கள். சுமார் 10 கோடி ஆண்டுக்கு முந்தைய கடலடிச் சேறு அங்கே ஜிப்சம் நரம்போடிக் கிடக்கிறது. அனுமதி வாங்கி, அடியிலிருந்து மேலாக மண் எடுங்கள். எந்த உயரத்தில் எடுத்தது என்று பையில் எழுதாவிட்டால், அது வெறும் களிமண். ஊறவைத்து 63 மைக்ரான் சல்லடையில் அலசுங்கள். டீ வடிகட்டி போதும் என்று நினைத்தால் கடல் முழுக்கச் சாக்கடைக்குப் போய்விடும். பிறகு நுண்ணோக்கியில் குனிந்து, ஈரத்தூரிகை நுனியால் ஒவ்வொரு ஓடாகப் பொறுக்க வேண்டும். கழுத்துவலித் தைலம் கைவசம் இருக்கட்டும்.

ஓர் இனம் ஓர் அடுக்கோடு மறைந்ததா? உடனே 'அழிந்தது' என்று எழுதிவிடுங்கள். அந்தப் பக்கம் கடல் பலமுறை ஏறி இறங்கியது, படிவு நின்றுபோன இடைவெளிகள் உண்டு என்பதெல்லாம் உங்கள் வரைபடத்தைக் கெடுக்கும் செய்திகள்.

இனி அழிவுகளின் சுழற்சி. 1984இல் டேவிட் ராப், ஜாக் செப்கோஸ்கி இருவரும் கடைசி 25 கோடி ஆண்டுக் கடல் உயிரினப் பதிவில் 2.6 கோடி ஆண்டுக்கொரு அழிவு அலை தெரிகிறது என்றார்கள். காரணம் தேடியவர்கள் சூரியனுக்கு நெமிசிஸ் என்ற துணை விண்மீனையே கற்பித்தார்கள். அது இன்றுவரை அகப்படவில்லை.

நமக்குப் புரட்டாசியில் முட்டை விலை இறங்கும்; காரணமும் தெரியும், நோட்டில் வருடங்களும் ஏராளம். அழிவுப் பதிவிலோ மொத்தமே பத்துப் புரட்டாசி. அவை வந்த தேதியும் பல லட்சம் ஆண்டு முன்பின். ஆகவே ஒவ்வொரு காலகட்டத்தின் அழிவு அளவையும் சீட்டில் எழுதிக் குலுக்கி, காலகட்டங்களுக்கு மாற்றிப் போட்டு, மறுபடி வரைந்து பாருங்கள், ஆயிரம் தடவை. குலுக்கியதிலும் அதே அலை அடிக்கடி தலைகாட்டினால் சீட்டுகளை மறைத்துவிட்டுக் கட்டுரை அனுப்பலாம்.

ராப் கணக்குப்படி அடுத்த அலைக்கு இன்னும் சுமார் 1.3 கோடி ஆண்டு இருக்கிறது. கோழிப்பண்ணைக் கடனை அதைக் காட்டித் தள்ளிப்போட வங்கியில் ஒப்பவில்லை, கேட்டுப் பார்த்தாயிற்று.