சாயாத வண்டியைச் சாய்ப்பது

இரண்டு சக்கர வண்டி சாய்கிறது என்றுதான் மூன்றாவது சக்கரத்தையே மாட்டினார்கள். அந்த மூன்றையும் மறுபடி சாய வைக்க, என் மச்சான் ஆறு மாதமாக வெல்டிங் பட்டறையே கதி என்று கிடக்கிறார்.

அவர் பக்கமும் நியாயம் உண்டு. சரக்கேற்றிய மூன்று சக்கர சைக்கிள் வளைவில் சாயாது. வேகமாகத் திருப்பினால் உள்பக்கச் சக்கரம் மேலே எழும்பி, வண்டியே கவிழும். சென்னையின் மீன்பாடி வண்டிக்காரர்கள் இதற்கு எப்போதோ வழி கண்டார்கள்: உடம்பை உள்பக்கம் தள்ளிக்கொண்டு திருப்புவது. செலவு ஒரு டீ.

மச்சானுக்கு அது அறிவியலாகப் படவில்லை. முன்னால் இரண்டு சக்கரம், நடுவே இணைகரமாக இரும்புச் சட்டங்கள், மூலைக்கு மூலை பேரிங். ஒரு சக்கரம் ஏற மற்றது இறங்க, வண்டி என்னமாய்ச் சாய்கிறது! சிக்னலில் நின்றாலும் சாய்கிறது என்பதுதான் சங்கடம். 2006-இல் வந்த பியாஜியோ எம்பி3 ஸ்கூட்டரிலேயே நிற்கும்போது சாயாமலிருக்க ஒரு பூட்டு உண்டு. மச்சானும் பழைய டிஸ்க் பிரேக் ஒன்றைப் பூட்டாக்கினார். அதாவது, சாயாத வண்டியைச் சாய வைத்து, சாய்வதைத் தடுக்கத் தனியாக ஒரு கருவி.

நேற்று 25 கிலோ அரிசி மூட்டையோடு வெள்ளோட்டம். "பார்த்தீங்களா மாப்ளே, ஒரு ஆட்டம் இல்லை!" என்று இறங்கினார்.

பூட்டைத் திறக்க மறந்திருந்தார்.