தொட்டி நிரம்ப எத்தனை மெகாஹெர்ட்ஸ்?

மொட்டைமாடித் தொட்டி நிரம்பினால் கீழே ஒரு மணி அடிக்க வேண்டும். என் தேவை அவ்வளவுதான். இப்போதைக்கு அந்த வேலையைப் பக்கத்து வீட்டு மாமி இலவசமாகப் பார்க்கிறார். எந்த பஸ்ஸரை விடவும் சத்தம் அதிகம். அவர் ஊருக்குப் போகும் நாட்களை உத்தேசித்து நானே ஒரு கருவி செய்ய இறங்கினேன். எந்த சிப் வாங்கலாம் என்று நாலு பேரிடம் கேட்டும் வைத்தேன்.

கல்லூரியில் 8085 படித்த மைத்துனர் அதையே சிபாரிசு செய்தார். 1976-ல் வந்தது. அவருக்கு அதன்மேல் இருப்பது பாசம். ஆனால் அது தனியாக வராது. ராம் ஒரு சிப், புரோகிராமுக்கு ஒன்று, வெளியுலகோடு பேச 8255 என்று கூட்டுக் குடும்பமாகத்தான் குடிவரும். எல்லாம் ஒரே சிப்புக்குள் அடங்கிய மைக்ரோகண்ட்ரோலர்தான் நமக்குத் தோது.

அண்ணன் மகனுக்கு ராஸ்பெர்ரி பை மேல் ஆசை. "சித்தப்பா, கேமரா மாட்டி, ஏஐ வச்சு தண்ணிய அடையாளம் கண்டுபிடிக்கலாம்!" தண்ணீரை எனக்கே அடையாளம் தெரியும். அது முழு லினக்ஸ் கணினி. கரண்ட் போய் வந்தால், பூட் ஆகி, சோம்பல் முறித்து எழ வேண்டும்.

ரிச்சி தெருக் கடைக்காரர் இஎஸ்பி32-ஐ நீட்டினார். இரண்டு கோர், 240 மெகாஹெர்ட்ஸ், வைஃபை. தொட்டியை செல்போனில் பார்க்கும் ஆசை இருந்தால் அதுதான் சரி. ஆனால் அது 3.3 வோல்ட் ஜாதி. 5 வோல்ட் சென்சார் தரும் சிக்னலை ரெசிஸ்டர் போட்டுக் குறைத்துத்தான் அதற்கு ஊட்ட வேண்டும்.

நான் எடுத்தது ஆர்டுயினோ ஊனோ. ஆர்டுயினோ என்பதே 2005-ல் இத்தாலியின் இவ்ரியாவில், எலக்ட்ரானிக்ஸ் தெரியாத வடிவமைப்பு மாணவர்களை மனதில் வைத்துத் தொடங்கியது. அந்தத் தகுதி எனக்கு முழுமையாக உண்டு. "வெறும் 16 மெகாஹெர்ட்ஸா?" என்று சிரித்தார் மைத்துனர். எங்கள் தொட்டியில் தண்ணீர் நிமிடத்துக்கு ஒரு விரற்கடை ஏறினாலே அதிகம். அதற்குள் இந்த சிப் 96 கோடி முறை துடித்துவிடும். இதற்குமேல் அவசரம் எதற்கு?

முதல்முறை வாங்குபவர்கள், சாக்கெட்டில் செருகிய சிப் உள்ள ஊனோ ஆர்3 போர்டாகப் பாருங்கள். புகைந்தால் பெரும்பாலும் சிப்பை மட்டும் பிடுங்கி மாற்றினால் போதும். மாற்று சிப்பை பூட்லோடர் ஏற்றியதாகக் கேட்டு வாங்குங்கள். மோட்டாரும் தானே நிற்க வேண்டுமென்றால் 230 வோல்ட் வந்துவிடும். அந்த இணைப்புக்கு மட்டும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.