புகழுக்குப் பஞ்சமில்லை

அமெரிக்காவில் எதற்கும் அடித்துக்கொள்வார்கள். துப்பாக்கிக்கு, கருக்கலைப்புக்கு, எல்லைச் சுவருக்கு, முகக்கவசத்துக்கு. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு கட்சிகளும் கைகோத்துக்கொள்ளும். கம்யூனிட்டி காலேஜ் என்ற இரண்டு வருஷக் கல்லூரி நல்லது. அதைத் திட்டிப் பேசிய அரசியல்வாதியைக் காண்பது அரிது. அதற்குப் பணம் கேட்டவுடன் கடிகாரத்தைப் பார்க்காத அரசியல்வாதியைக் காண்பது அதைவிட அரிது.

2015 ஜனவரியில் டென்னசி மாநிலத்து நாக்ஸ்வில் நகருக்கு ஒபாமா வந்தார். இரண்டு வருஷப் படிப்பு நாடு முழுக்க இலவசமாகட்டும் என்றார். கைதட்டல். அதே மாதம் நடிகர் டாம் ஹாங்க்ஸ், தான் படித்த சாபோ கல்லூரியைப் பற்றி நியூயார்க் டைம்ஸில் உருகி எழுதினார். மறுபடி கைதட்டல். திட்டம் காங்கிரஸ் வாசலிலேயே படுத்துவிட்டது. 2021-ல் பைடன் அதைத் தூசி தட்டி எடுத்தார். அவர் மனைவி ஜில் பைடன் அப்போது வடக்கு வர்ஜீனியாவில் கம்யூனிட்டி காலேஜ் ஆசிரியை. வெள்ளை மாளிகைக்குக் குடிபோன பிறகும் வகுப்பெடுத்தவர். மனைவி வாத்தியார், கணவர் ஜனாதிபதி. இதற்கு மேல் ஒரு சிபாரிசை எங்கே போய்ப் பிடிப்பது? அக்டோபரில் பேரம் பேசி வரவுசெலவைச் சுருக்கியபோது வெட்டுப்பட்டவற்றில் அதுவும் ஒன்று. அடுத்த பிப்ரவரியில் கல்லூரித் தலைவர்கள் கூடிய கூட்டத்தில், திட்டம் போயே போய்விட்டது என்று சொல்லும் வேலையும் அந்த அம்மாவின் தலையில்தான் விழுந்தது.

கலிஃபோர்னியாவுக்கு வருவோம். அமெரிக்காவிலேயே பெரிய கம்யூனிட்டி காலேஜ் அமைப்பு அங்கேதான். 116 கல்லூரிகள், ஏறத்தாழ 20 லட்சம் மாணவர்கள். 1960-ல் ஒரு மாஸ்டர் பிளான் போட்டார்கள். மதிப்பெண்ணில் முதல் எட்டில் ஒரு பங்குக்குக் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம். முதல் மூன்றில் ஒரு பங்குக்கு மாநிலப் பல்கலைக்கழகம். மற்ற எல்லோருக்கும் கம்யூனிட்டி காலேஜ். "மற்ற எல்லோரும்" என்றால் யார் என்று உங்களுக்கே தெரியும். ஹோட்டலில் தட்டு கழுவுகிறவர், குழந்தை பெற்றபின் படிக்க வருகிறவர், நேற்று விமானத்தில் வந்து இறங்கி ஆங்கிலம் தேடுகிறவர், வேலை பார்க்க அனுமதியில்லாத விசாவில் கணவரோடு வந்து வீட்டில் உட்கார்ந்திருக்கும் நம்மூர் பொறியியல் பட்டதாரி.

1984 வரை இவர்களுக்குப் படிப்புக் கட்டணம் பூஜ்யம். அந்த வருஷம், பாடத்தை அளக்கும் யூனிட் ஒன்றுக்கு 5 டாலர் என்றார்கள். சும்மா பெயருக்கு. பிறகு 6, 10, 18, 26, 36. 2012-லிருந்து 46. குடியரசுக் கட்சி கவர்னர் நட்ட செடிக்கு ஜனநாயகக் கட்சி கவர்னரும் தண்ணீர் ஊற்றினார். பட்டயத்துக்கு 60 யூனிட். பெருக்கினால் 2,760 டாலர். மலிவுதான், மறுக்கவில்லை. பல ஏழை மாணவர்களுக்கு அதுவும் தள்ளுபடி. மலிவாக இருக்கிறது என்பதற்காக அதை எப்படி வேண்டுமானாலும் நடத்தலாமா என்பதுதான் கேள்வி.

சான் ஃபிரான்சிஸ்கோ சிட்டி காலேஜை எடுத்துக்கொள்ளுங்கள். 1935-ல் தொடங்கியது. சமையல்கலை, செவிலியர் படிப்பு, சைனாடவுனிலும் மிஷன் வட்டாரத்திலும் குடியேறிகளுக்கு ஆங்கில வகுப்பு. டியேகோ ரிவேரா தீட்டிய 74 அடி அகலச் சுவரோவியம் ஒன்றை 1961-ல் அந்தக் கல்லூரியில் நிறுவினார்கள். உலகப் பணக்காரர்கள் குவிந்த ஊரில் பஸ் டிக்கெட்டுக்குச் சில்லறை எண்ணுகிற பிள்ளைகள் அதன் முன்னால் நின்று பார்த்துவிட்டு வகுப்புக்குப் போனார்கள். சகிக்குமா?

2011-ல் நகராட்சி, ட்விட்டர் ஊரைவிட்டுப் போய்விடப் போகிறதே என்று பதறி, மார்க்கெட் தெருவின் நடுப்பகுதிக் கம்பெனிகளுக்குச் சம்பள வரியில் சலுகை அள்ளிக் கொடுத்தது. கல்லூரிக்குக் கிடைத்தது வேறு. 2012 ஜூலையில் ஒரு தனியார் அங்கீகார ஆணையம் சிட்டி காலேஜுக்கு நோட்டீஸ் கொடுத்தது. உன்னை ஏன் மூடக்கூடாது, காரணம் காட்டு. அப்போது அங்கே சுமார் 90 ஆயிரம் பேர் படித்துக்கொண்டிருந்தார்கள்.

குற்றப்பத்திரிகையைக் கேளுங்கள். வரவுசெலவில் 92 சதவீதம் சம்பளத்துக்கும் ஊழியர் சலுகைகளுக்கும் போகிறது. கல்லூரியில் பணம் ஆசிரியர்களுக்குப் போகிறதாம்! வேறு எங்கே போக வேண்டும், நீச்சல்குளத்துக்கா? அடுத்தது, கையிருப்பு போதாது. அடுத்தது, நிர்வாக அதிகாரிகள் போதாது. நன்றாகப் படியுங்கள். அதிகாரிகள் அதிகம் என்று குறை சொல்லவில்லை. குறைவு என்று குறை சொன்னார்கள். உலகத்தில் எந்த அலுவலகத்தின் மீதும் இப்படி ஒரு புகார் வந்ததாகச் சரித்திரம் உண்டா? பாடம் மோசமாக நடக்கிறது என்று மட்டும் அவர்கள் சொல்லவில்லை. பாடம் நன்றாக நடந்தது. அது அவர்கள் படிவத்தில் பெரிய கட்டம் இல்லை போலிருக்கிறது.

கல்லூரி நிர்வாகம் உத்தமம் என்று நான் வாதாட வரவில்லை. கணக்கு வழக்கில் மெத்தனம் இருந்தது, மாநில நிதி வெட்டைத் தாங்க ஏற்பாடு இல்லை. அதற்கு நாலு கணக்காளரை அனுப்பியிருக்கலாம். அனுப்பியது மரண ஓலை. 2013 ஜூலையில் தீர்ப்பு வந்தது. அடுத்த வருஷம் ஜூலை 31-ஆம் தேதியோடு அங்கீகாரம் ரத்து. ஊர் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த நிர்வாகக் குழுவை ஓரம் கட்டிவிட்டு மாநில அரசு தனி அதிகாரி ஒருவரை உட்கார வைத்தது. எல்லாம் மாணவர் நலனுக்காக. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைக்கு அமெரிக்கப் பதிப்பு.

அந்த ஓநாயின் கணக்கு வழக்கு எப்படி? கல்லூரியைச் சோதிக்க வந்த குழுவில் ஆணையத் தலைவியின் கணவரும் ஓர் உறுப்பினர். மனைவி தலைமை தாங்கும் ஆணையம், கணவர் எழுதும் அறிக்கை, வெளிப்படைத்தன்மை பற்றி அடுத்தவருக்கு உபதேசம். 2013 ஆகஸ்டில் மத்தியக் கல்வித் துறையே இதைச் சுட்டிக்காட்டி, ஆணையம் விதிப்படி நடக்கவில்லை என்று கடிதம் எழுதியது. அதே மாதம் நகர வழக்கறிஞர் டென்னிஸ் ஹெரேரா வழக்குப் போட்டார். 2014 ஜனவரியில் நீதிபதி கர்டிஸ் கார்னோ கதவடைப்புக்குத் தடை போட்டார். 2015-ல் ஆணையம் சட்டத்தை மீறியது என்று தீர்ப்புச் சொன்னார். 2017 ஜனவரியில் அங்கீகாரம் திரும்பி வந்தது, முழுசாக ஏழு வருஷத்துக்கு. கல்லூரி வென்றது என்று எழுதினார்கள்.

என்ன வென்றது? மூடப்போகிற கல்லூரியில் எவர் சேர்வார்? பல்லாயிரம் பேர் கழன்றுகொண்டார்கள். மாநில நிதி பெரும்பாலும் தலைக்கு இவ்வளவு என்றுதான் வரும். தலை குறைந்தது, நிதி குறைந்தது. நிதி குறைந்ததால் வகுப்பை வெட்டினார்கள். வகுப்பு இல்லாததால் தலை இன்னும் குறைந்தது. 2019 நவம்பரில் அடுத்த பருவத்தின் ஏறக்குறைய 300 வகுப்புகளை ஒரே மூச்சில் ரத்து செய்தார்கள். முதியவர்களுக்கான வகுப்புகளுக்கு அதில் பலத்த அடி. 2022-ல் முழுநேர ஆசிரியர்களையே வீட்டுக்கு அனுப்பினார்கள். நோயாளியைக் கொல்லவில்லை, நீதிமன்றம் தடுத்துவிட்டது. சோற்றை மட்டும் நிறுத்தினார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. 2013-ல், சிட்டி காலேஜுக்கு நாள் குறித்துக்கொண்டிருந்த அதே வருஷத்தில்தான், நம் பல்கலைக்கழக மானியக் குழு அமெரிக்க மாதிரியைப் பார்த்துப் பூரித்துப்போய்ச் சமுதாயக் கல்லூரித் திட்டம் அறிவித்தது. இறக்குமதி செய்யும் பொருள் பிறந்த வீட்டில் என்ன பாடுபடுகிறது என்று யாராவது எட்டிப் பார்த்திருக்கலாம்.

ஊர் மக்கள் சும்மா இருக்கவில்லை. 2012-ல் தங்கள் மனைக்கு மனை 79 டாலர் வரி போட்டுக்கொள்ளத் தாங்களே ஓட்டுப் போட்டார்கள், இந்தக் கல்லூரிக்காக. 2016-ல் 50 லட்சம் டாலருக்கு மேல் கைமாறும் கட்டடங்களுக்குக் கூடுதல் வரி. கல்லூரியை இலவசமாக்கத்தான் இது என்று வீடு வீடாகச் சொல்லி ஓட்டு வாங்கினார்கள். வருஷத்துக்குச் சராசரி 4.4 கோடி டாலர் வரும் என்று நகரக் கணக்கு அலுவலகம் சொன்னது. ஓட்டு எண்ணி முடிந்ததும் மேயருக்கு ஞாபகம் வந்தது: வரிப்பணம் பொது நிதிக்குத்தானே போகிறது, அதற்கு வேறு செலவுகள் இருக்கின்றனவே! இழுபறிக்குப் பிறகு 2017 பிப்ரவரியில் கல்லூரிக்கென்று ஒதுக்கியது வருஷத்துக்கு 54 லட்சம் டாலர். எட்டில் ஒரு பங்கு. அதற்கும் மேடை, மைக், புகைப்படம். 2022-ல் இன்னொரு மனை வரியைக் கல்லூரிக்காகக் கேட்டபோது மக்கள் முடியாது என்று விரட்டினார்கள். எத்தனை தடவைதான் பர்ஸைத் திறப்பார்கள்?

பாடம் எடுப்பவர் கதை தனி. கலிஃபோர்னியாக் கம்யூனிட்டி காலேஜ் ஆசிரியர்களில் மூன்றில் இரண்டு பங்கு பகுதிநேரம். ஒரு கல்லூரி மாவட்டத்தில் முழு வேலையின் 67 சதவீதத்துக்கு மேல் அவர்களுக்குக் கொடுக்கக்கூடாது என்பது சட்டம். தாண்டினால் நிரந்தரமாக்க வேண்டி வரும் அல்லவா. ஆகவே காலையில் ஒரு கல்லூரி, மத்தியானம் இன்னொன்று, ராத்திரி மூன்றாவது. மூன்று பகுதிநேரம் சேர்ந்தால் முழுநேரத்தைவிட அதிகம். சம்பளம் மட்டும் சேர மறுக்கும். ஃப்ரீவே ஃப்ளையர் என்று அவர்களுக்கு ஒரு செல்லப்பெயர் வேறு. மாணவர் சந்தேகம் கேட்க வேண்டுமானால் காரைத் துரத்த வேண்டும். பாடத்தில் 75 சதவீதம் முழுநேர ஆசிரியர் எடுக்க வேண்டும் என்று 1988-லேயே சட்டத்தில் இலக்கு எழுதிவைத்தாயிற்று. இலக்கு இன்னும் இலக்காகவே இருக்கிறது. முதுமை எய்திவிட்டது, பாவம்.

இரண்டு வருஷப் படிப்பு என்கிறார்கள். இரண்டு வருஷத்தில் முடிப்பவர் சொற்பம். வேலை பார்த்துக்கொண்டே பருவத்துக்கு இரண்டு பாடம் எடுக்கிறவருக்கு வருஷம் நீளும். இங்கிருந்து பல்கலைக்கழகத்துக்குத் தாவுவதுதான் முக்கால்வாசிப் பேரின் கனவு. எந்தப் பாடத்தை எந்தப் பல்கலைக்கழகம் ஏற்கும் என்பதற்குத் தனி வலைத்தளம், அதைப் படிக்கத் தனி ஆலோசகர், ஆலோசகரைப் பார்க்கத் தனி வரிசை. 2010-ல் சட்டம் போட்டு, குறிப்பிட்ட பட்டயம் வாங்கினால் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம் உறுதி என்றார்கள். இடம் உறுதி; எந்த ஊரில், எந்தத் துறையில் என்பது உறுதியில்லை. தாவ விரும்பியவர்களில் நாலு வருஷத்துக்குள் தாவியவர் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான் என்று 2024-ல் மாநிலத் தணிக்கையாளரே எழுதினார். சிட்டி காலேஜை மூடத் துடித்தவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்து எதையாவது மூடச் சொன்னார்களா?

படிப்பு இலவசம் என்று மார்தட்டுகிறவர்கள் வாடகையைப் பற்றி வாய் திறக்க மாட்டார்கள். லாங் பீச் சிட்டி காலேஜ் 2021-ல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. வீடில்லாத மாணவர்கள் ராத்திரியில் கல்லூரிப் பார்க்கிங் கட்டடத்தில் காரை நிறுத்திப் பாதுகாப்பாகத் தூங்கலாம். கல்லூரியைக் குறை சொல்லவில்லை. செய்ய முடிந்ததைச் செய்தது, காவலும் போட்டது. உலகின் முதல் ஐந்து பொருளாதாரங்களில் ஒன்று என்று பீற்றிக்கொள்ளும் மாநிலத்தில் மாணவர் விடுதியின் பெயர் பார்க்கிங். மாநிலம் முழுக்க இப்படித் திறந்துவிடச் சொல்லி 2019-ல் சட்டமன்றத்துக்கு ஒரு மசோதா வந்தது. கல்லூரிகள் செலவு என்றன. திருத்தத்துக்கு மேல் திருத்தம் போட்டுக் குதறியதில் கொண்டுவந்தவரே கைவிட்டார். காரில் தூங்கவும் சட்டமன்றத்தில் பெரும்பான்மை வேண்டும்.

இதற்கிடையில் புது மாணவர்கள் வந்தார்கள். பெருந்தொற்றுக் காலத்தில் வகுப்புகள் ஆன்லைனுக்குப் போயின, உதவிப் பணமும் தாராளமாக வந்தது. 2021-ல் மாநில விண்ணப்பத் தளத்துக்கு வந்த போக்குவரத்தில் சுமார் 20 சதவீதம் கம்ப்யூட்டர் நிரல்களின் வேலை என்று அதிகாரிகள் ஒத்துக்கொண்டார்கள். மோசடிக்காரர்கள் போலிப் பெயர்களில் மாணவர்களை உற்பத்தி செய்து உதவித்தொகையைச் சுருட்டினார்கள். வகுப்பு நிரம்பிவிட்டது என்று நிஜ மாணவர் காத்திருப்போர் பட்டியலில் நின்றார். உள்ளே உட்கார்ந்திருந்தது ஆவி. பகுதிநேர ஆசிரியர்தான், சம்பளமில்லாத நேரத்தில், பட்டியலை வைத்துக்கொண்டு ஆவி ஓட்டினார். இப்போது அடையாள அட்டை கொண்டு வா, கேமராவில் முகத்தைக் காட்டு, நீ மனிதன்தான் என்று நிரூபி என்று மாணவரைக் கேட்கிறார்கள். காரில் தூங்கி எழுந்தவரும் நிரூபிக்க வேண்டும்.

யோசித்துப் பார்த்தால் ரோபோ மேல் தப்பில்லை. அது விண்ணப்பத்தைப் பிழையில்லாமல் நிரப்புகிறது. முழுநேரம் பதிவு செய்கிறது. வாடகை கேட்காது, பசிக்காது, பார்க்கிங் வேண்டாம், ஆலோசகர் வேண்டாம், வாத்தியார் மூன்று கல்லூரிக்கு ஓடினாலும் கவலையில்லை, எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் தாவ வேண்டும் என்று நச்சரிக்காது. இந்த ஏற்பாடெல்லாம் எந்த மாணவரை மனத்தில் வைத்துப் போடப்பட்டதோ, அவர் ஒருவழியாக வந்து சேர்ந்துவிட்டார். உதவித்தொகை கைக்கு வந்ததும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிடுகிறார், அது ஒன்றுதான் குறை.