மாப்ளயோட முஸ்தபா பொட்டி

ஏன் மாப்ள, பெங்களூர்லேர்ந்து லீவு போட்டு வந்தது பொங்கலுக்கா, கள்ளக்குறிச்சி பழைய இரும்புக் கடையில கெடந்த வீடியோ கேம் பொட்டிக்கா? பொட்டிக்குத்தான்னு ஒங்கம்மா சொல்றா. நடுக்கூடத்துல அத நிறுத்துனதுலேர்ந்து சாமி ரூமுக்கு ஒருக்களிச்சித்தான் போறாளாம்.

அத நீ பிரிக்கப் போறன்னு கேள்விப்பட்டன். பிக்சர் ட்யூபக் கழட்டிட்டுத் தட்டையா ஒரு டிவி, போர்டத் தூக்கிட்டு ராஸ்பெர்ரி பைங்கிற குட்டிக் கம்ப்யூட்டரு, அதுல அஞ்சாயிரம் கேமு. பேஷ். அஞ்சாயிரத்துல நீ எத ஆடுவ? முஸ்தபாவத்தான். பள்ளிக்கூடம் போற காலத்துல தியாகதுருகம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ரூபா ஒரு ரூபாயா போட்டு ஆடுனதும் அதேதான். ட்யூஷன் பீஸு எந்த ஓட்டையில போய் விழுந்துதுன்னு மாமனுக்குத் தெரியாதுன்னா நெனச்ச?

அந்தக் கேமோட நெஜப் பேரு காடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ். ஜப்பான்ல காப்காம் கம்பெனி 1993ல போட்டது. இந்த ஊர்ல எந்தப் பையன் வாயில அந்தப் பேரு நொழஞ்சுது? நாலு ஆளுங்கள்ல ஒருத்தன் முஸ்தபா, ஓடியாந்து ஒதைக்கிறவன். அவன் பேரே கேமுக்கும் பேராயிடுச்சு. ‘காதல் தேசம்’ வந்தது 1996ல. அதுல வர்ற முஸ்தபா பாட்டுக்கு மூணு வருசம் மூத்தவன் நம்ம ஆளு.

ஒன் புதுச்சேரி சேக்காளி ஒருத்தன் வந்து, “ஒரு ஸ்க்ரூ கூட மாத்தக் கூடாது, அசல் அசலாவே இருக்கணும்”னு கையக் கட்டிக்கிட்டு நின்னானே, அவனையும் பாத்தன். தூசியத் தொடைக்கப் போன ஒங்கம்மாவையே தடுத்தான். தூசியும் அசலாம்.

அசல்னா எந்தத் தேதி அசல், கேட்டியா நீ? நம்ம தியாகதுருகம் மலைக்கோட்டையவே எடுத்துக்க. பிரெஞ்சுக்காரன் இருந்தான், ஐதர் படை இருந்துது, கம்பெனிக்காரன் இருந்தான், 1790ல திப்பு வந்து முட்டிப் பாத்துட்டுப் போனான். யார் காலத்துக் கோட்டைய அசல்னு சொல்லுவ? ஒம் பொட்டியும் அந்தக் கதைதான். பக்கத்து ஸ்டிக்கர நகத்தால சொரண்டிப் பாரு, அடியில வேற கேமு ஸ்டிக்கர் இருக்குது. 1985ல ஜப்பான்காரன் ஜாமான்னு ஒரு வயரிங் முறையக் கொண்டாந்தான். 56 கால் வச்ச ஒரே சாக்கெட்டு. பழைய போர்டப் புடுங்கிட்டுப் புதுசு சொருவுனா, ஒரே பொட்டி அடுத்த கேமுக்கு ரெடி. கடைக்காரன் பொழப்பே அதுதான். பெரிய கம்பெனியும் செஞ்சுருக்குது. நின்டென்டோ ரேடார் ஸ்கோப்புன்னு ஒரு கேமு போட்டு அமெரிக்காவுக்கு 3,000 பொட்டி அனுப்புச்சு. சுமாரா 2,000 விக்காம குடோன்ல கெடந்துது. 1981ல அதுக்குள்ள வேற போர்ட மாத்தி வித்தாங்க. அதுதான் டாங்கி காங். ஒட்டுப்போட்ட அந்தப் பொட்டியத்தான் இன்னிக்கி ஒஞ் சேக்காளி மாதிரி ஆளுங்க அசல்னு தேடி அலையறாங்க!

அதனால மாத்துறது பாவம்னு நான் சொல்லல மாப்ள. ஆனா எத மாத்துறன்னு தெரிஞ்சி மாத்து. பாதி ஆயுசு டிவி பொட்டி பிரிச்சவன் சொல்றன், அந்த ட்யூபுதான் இதுல உசுரு. அந்தக் காலத்துப் படம் வரஞ்சவன் ட்யூபப் பாத்துக்கிட்டுத்தான் வரஞ்சான். கோட்டுக்குக் கோடு நடுவுல ஒரு இருட்டு, ஓரத்துல கொஞ்சம் கசிவு, எல்லாம் சேந்துதான் முஸ்தபாவுக்கு மூஞ்சி. தட்டை டிவியில அதையே போடு, கட்டம் கட்டமாத் தெரியும். அது மட்டுமா? வர்ற படத்தப் பெருசாக்கிக் காட்டவே அந்த டிவிக்குக் கொஞ்ச நேரம் ஆவும். நீ பட்டன அமுக்குனா முஸ்தபா யோசிச்சித்தான் ஒதைப்பான். துப்பாக்கி கேமுன்னா சுத்தம். பழைய துப்பாக்கி ட்யூபு வெளிச்சத்தப் பாத்துத்தான் குறி கண்டுபுடிக்கும், தட்டை டிவியில அது குருடு.

ட்யூபு மங்கலாருக்குதுன்னு சொல்ற. மங்கலாருந்தா செத்துதுன்னு அர்த்தமா? அப்ப எனக்கு எப்பவோ பால் ஊத்தியிருக்கணும். மொதல்ல கண்டன்சர மாத்து, காஞ்சி போயிருக்கும். அப்புறம் எல்ஓடி ட்ரான்ஸ்பார்மரப் பாரு. கை வைக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்க. ப்ளக்கப் புடுங்குன பின்னாடியும் ட்யூபுக்குள்ள ஆயிரக்கணக்கான வோல்ட்டு ஒக்காந்திருக்கும். அத எர்த்துல எறக்காம தொட்டியானா, கணினி படிச்சவன்னு பாக்காது, தூக்கிப்போடும். யூட்யூப் பாத்து அதுல கைய வுடாத. என்னக் கூப்புடு.

ஒஞ் சேக்காளி மாதிரி தொடாமலே வச்சிருந்தாலும் நெலைக்காது. அதே 1993ல வந்த காப்காமோட சிபிஎஸ்-2 போர்டுல ஒரு சின்ன பேட்டரி இருக்கும். கேமத் தொறக்குற சாவி அந்தக் கரண்டுலதான் நிக்கிது. பேட்டரி தீந்துதுன்னா கேமும் போச்சு. பூட்டி வச்சிப் பூசை பண்ணுன பல பேருக்கு வெறும் தகடுதான் மிஞ்சுச்சு. காலாகாலத்துல பேட்டரிய மாத்துனவன் வூட்ல நிக்காம ஓடுது. ஒன்னுது சிபிஎஸ்-2 இல்ல. ஆனா பேட்டரி இதுலயும் உண்டு, தீந்துருக்குதா கசிஞ்சிருக்குதான்னு பாத்துடு.

அப்புறம் அந்தப் பொட்டியோட அடிப்பலவ. தண்ணி வாங்கி ஊதிக் கெடக்குது. அத மாத்து, யாரும் கேக்க மாட்டாங்க. 2021ல கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு வாங்குன கையிங்க நம்ம சுத்துவட்டாரத்துல இருக்குது. அதுல ஒரு கையப் புடி. ஒன் ப்ளைவுட்டப் பாத்து அவரு சிரிப்பாரு, சிரிச்சிக்கிட்டே செஞ்சும் குடுப்பாரு. புது டிவி வச்சே தீரணும்னா ஓட்ட போடாம, பலவைய அறுக்காம, நாளைக்குப் பழசத் திரும்பச் சொருவுற மாதிரி வையி.

கழட்டுறத மட்டும் எடைக்குப் போட்டுத் தொலைக்காத. எங்க வூட்டுத் திண்ணையில எடம் இருக்குது, வாடகை வேணாம். ட்யூபு சும்மா கெடந்தா கெட்டுப்பூடும், அப்பப்ப போட்டுப் பாக்கணும். அதுக்கு போர்டு வேணுமில்ல, அதையும் குடுத்துடு. வெறும் போர்ட வச்சி எப்பிடிப் பாக்குறது, அந்த மூணு ஜாய்ஸ்டிக்கையும் கழட்டிக் குடு. காசு போடுற கதவு ஒனக்கு எதுக்கு, இப்ப எல்லாரும் ஜீபேதான? நீ ஆசப்பட்ட மாதிரி காலிப் பொட்டிய ஜம்முன்னு பெங்களூருக்கு ஏத்திக்கிட்டுப் போ மாப்ள.