கொப்பியைக் கொடுக்கலாமா?

கேள்வி: உயர்தரம் படிக்கிறேன். தோழி என் குறிப்புக் கொப்பியைக் கேட்கிறாள். கொடுத்தால் என்னை முந்திவிடமாட்டாளா? (மாணவி, ஒட்டுசுட்டான்)

பதில்: கொடுங்கள், கூடவே அரைமணி நேரம் இருந்து விளங்கப்படுத்துங்கள். கொப்பியில் இருப்பது ஆசிரியரின் அறிவு. அதைச் சொல்லிக் கொடுக்கையில் எங்கே வாய் தடுமாறுகிறதோ, அங்கே உங்களுக்கே பாடம் விளங்கவில்லை. பரீட்சைக்கு முன்பே அதைக் காட்டித்தரத் தோழியை விட்டால் ஆளில்லை. ‘பெரும்பாலான பல்கலைக்கழகக் கற்கைநெறிகளுக்கு 55 வீதம் மாவட்ட அடிப்படையில்தானே அனுமதி, அவளும் முல்லைத்தீவுதானே?’ என்பீர்கள். நியாயமான பயம். ஆனால் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு. மீதி 5 வீதம் முல்லைத்தீவு உட்பட 16 பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்த 40 வீதத்தில் உங்கள் போட்டி பக்கத்து வாங்கோடு மட்டுமல்ல. கொழும்போடும் கண்டியோடும் மொனராகலையோடும். ஒரு கொப்பியைப் பூட்டி வைத்து அத்தனை பேரையும் மறிக்க முடியாது.